சுவரோரப் பாய்

எங்கள் மகள் முதன்முதலில் ஆடியது லிஃப்ட்டில். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பின் லிஃப்ட் பழையது. தரை இரும்புத் தகடு, அழுத்தி மிதித்தால் சத்தம் எழும்பும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, எங்கள் மாடி வரும்வரை வலது காலும் இடது காலுமாக மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே வருவாள். சும்மா குதிப்பதில்லை. முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கி, முதுகை நிமிர்த்தி, கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மிதிப்பாள். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பரதநாட்டிய ஒத்திகை பார்த்த பெரிய வகுப்புப் பெண்களிடமிருந்து தானாகப் பிடித்துக்கொண்டது அது. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

லிஃப்ட்டிலிருந்து அது வீட்டுக்குள் வந்தது. பல் தேய்க்கும்போது, சாதம் ஆறுவதற்குக் காத்திருக்கும்போது, ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது என்று எந்நேரமும் கால் ஓயாது. கீழ் வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. குடியிருப்பில் எல்லோருக்கும் மாமா. ஒரு நாள் காலை பால் வாங்கும் இடத்தில் என்னைப் பிடித்து, "என்ன சார், ஆத்துல கிரைண்டர் மாத்திட்டேளா? சத்தம் புதுசா இருக்கே" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா, அப்போ அரைக்கட்டும்" என்றார்.

அந்த வருடம் மனைவி ஊரில் இல்லை. தரமணியில் அவள் வேலை செய்யும் நிறுவனம் பிப்ரவரியில் அவளை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. செப்டம்பரில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. நான் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியர். இரவுப் பணியிலிருந்து மாற்றிக் காலைப் பணி கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளி விட்டதும் மகள் அடையாறில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவாள். வேலை முடிந்து நான் போய் அழைத்து வருவேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி வீடியோவில் வருவாள். அங்கே அது மாலை. அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு ஜன்னலோரம் நின்று பேசுவாள். மகள் போனைத் தரையில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து போய் ஆடிக் காட்டுவாள். திரையில் பாதி நேரம் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பாள் மனைவி. போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவளும் ஆடியவள்தான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், ஒரு டீச்சரிடம் சிறு வயதிலிருந்து கற்றாள். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்தினார்கள். இந்த ஊரில் அது ஒன்றும் பெரிய செய்தி இல்லை. பரீட்சை முடிந்ததும் மறுபடி போகலாம் என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் நிறுத்துவார்கள். அவள் மறுபடி போகவில்லை. ஆனால் தனக்கு ஒரு மகள் பிறந்தால் அதே படியில் ஏறி, அதே டீச்சரிடம் கொண்டுபோய் விடவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் மகளை அங்கே அழைத்துப் போனாள். அந்த டீச்சர் புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள், விஜயதசமி அன்று. அன்று வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அக்டோபருக்குள் திரும்பிவிடலாம் என்பது மனைவியின் கணக்கு.

ஆகஸ்ட்டில் அந்தக் கணக்கு தவறியது. வேலை முடியவில்லை, பொங்கல் கழித்துத்தான் வர முடியும் என்று சொன்னாள். மகளிடமும் சொன்னோம். அவள் தலையாட்டிவிட்டு ஆடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சுத்தான். இந்த விஜயதசமிக்குச் சேர்ப்பதா, அடுத்த வருடம் வரை காத்திருப்பதா? மனைவி நேராகப் பேசமாட்டாள். ஐந்து வயதுக்குக் கால் எலும்பு முற்றாது என்பாள். முதலில் பள்ளிக்கூடம் பழகட்டும் என்பாள். ஆறு வயதில் சேர்ந்தவர்கள்தான் நிலைத்து ஆடுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். தான் இல்லாமல் சேர்க்கவேண்டாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்காகக் குழந்தையின் ஒரு வருடத்தை நிறுத்தி வைப்பது சரியா என்று யோசித்தேன். அவள் ஏங்குவதும் தெரிந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

என் அக்காவிடம் கேட்டேன். அவள் என் மகளைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாள். எங்கள் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அதுதான் அளவு. மகளின் விரல் காதைத் தொட்டது. "எட்டிடுச்சுடா. சேத்துடு. இதுக்கு மேல உனக்கு என்ன நிபுணர் குழு வேணும்?" என்றாள் அக்கா.

நிபுணர் குழு என்று அவள் குத்தியதில் காரணம் இருக்கிறது. கோடை விடுமுறை தொடங்கும்போதெல்லாம் எங்கள் இணைப்பிதழில், குழந்தையை எந்த வயதில் நடனத்தில் சேர்க்கலாம் என்று ஒரு கட்டுரை வரும். எலும்பு மருத்துவர் ஒன்று சொல்வார், ஆசிரியை ஒன்று சொல்வார், மனநல ஆலோசகர் இரண்டையும் மறுப்பார். கடைசிப் பத்தியில், எல்லாவற்றையும்விடக் குழந்தையின் விருப்பமே முக்கியம் என்று முடிப்போம். அந்தக் கடைசிப் பத்தியை நானே பலமுறை எழுதிச் சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் குழந்தையின் விருப்பத்தில் சந்தேகமே இல்லை. நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

மகள் தினமும் கேட்டாள், எப்போது சேர்ப்பீர்கள் என்று. கடைசியில் மனைவி இறங்கி வந்தாள். சேர்க்கலாம், ஆனால் பிராக்டிஸ் புடவை மட்டும் நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்றாள். வகுப்பில் பெண் குழந்தைகள் பைஜாமாவுக்கு மேல் முழங்கால்வரை கட்டிக்கொள்ளும் கனத்த பருத்திப் புடவை அது. தியாகராய நகரில் ஒரு கடையில், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடையின் குழல்விளக்கில் பச்சை அவளுக்கு நீலமாகத் தெரிந்தது. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்க் காட்டச் சொன்னாள். கடைப் பெண் சிரித்துக்கொண்டே கூடவே வாசலுக்கு வந்து, "மேடம், நேர்ல வந்திருந்தா இந்நேரம் நாலு எடுத்திருப்பீங்க" என்றாள். போனுக்குள் மனைவி சிரித்தாள். மாம்பழ நிறத்தில் சிவப்புக் கரை போட்டது முடிவாயிற்று. வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள் என்று கடைப் பெண் சொன்னதையும் கேட்டுக்கொண்டோம். மேலே வைத்துப் பார்க்கலாம் என்றபோது மகள் மறுத்துவிட்டாள். "அம்மா கட்டி விடட்டும்" என்றாள். எனக்குப் புடவை கட்டத் தெரியாது என்பதால் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமிக்கு முன், சேர வரும் குழந்தையை ஒரு நாள் வகுப்பில் சுவரோரமாகப் பாயில் உட்காரவைப்பார். ஆடச் சொல்லமாட்டார், காலைப் பிடித்துப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு குழந்தை ஒரு வகுப்பு முழுக்க உட்காரவேண்டும். பெற்றோர் படியிறங்கிக் கீழே போய்விடவேண்டும். மகளை அன்று நான்தான் அழைத்துப் போனேன். தலைவாரிப் பொட்டு வைத்து விட்டிருந்தாள் அக்கா. மாடி வாசலில் செருப்புகளின் குவியல். உள்ளே மரக்கட்டையில் தாளக்கழி விழும் சத்தம், கூடவே கால்களின் சத்தம். மகள் என் கையை விட்டுவிட்டு நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கீழே பாத்திரக் கடை ஓரமாக நின்றேன். மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: அழவில்லை, தானே போய் உட்கார்ந்தாள். உடனே நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. பாதி நேரத்தில் பொறுக்கமுடியாமல் மேலேறி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"நன்னா உட்கார்ந்திருந்தா. அழலை, படுத்தலை. ஆனா ஆடறவாளைப் பார்க்கவே இல்லை சார். கண்ணெல்லாம் வாசல்லயேதான் இருந்தது."

என்னைத் தேடியிருப்பாள் என்றேன்.

"நீங்க இல்லை. நடுவுல எட்டிப் பார்த்தேளே, உங்களைப் பார்த்தா. பார்த்துட்டு மறுபடியும் வாசலைப் பார்த்துண்டே உட்கார்ந்திருந்தா. கால் தயாரா இருக்கலாம். நான் காலைப் பார்த்துச் சேர்க்கறதில்லை." வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பெண்டாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள், கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

படியிறங்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா இன்னைக்கு வரமாட்டாங்களா?"

"இன்னைக்கா? இல்லையேம்மா."

"அப்ப, சேர்ற அன்னைக்குத்தானா?"

அந்தப் படியில் நின்றுவிட்டேன். பிப்ரவரியில் விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மனைவி குனிந்து அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நீ டான்ஸ் கிளாஸில் சேரும்போது அம்மா உன் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னாள். செப்டம்பரில் திரும்பிவிடுவதாக இருந்தபோது சொன்னது; அன்று அது உண்மைதான். பிறகு தேதி மாறியது. நாங்கள் தேதியை மட்டும் மாற்றிச் சொன்னோம். மகளோ தேதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்கு வரிசை வேறு: தான் சேர்ந்தால் அம்மா வருவாள். சீக்கிரம் சேர்ந்தால் சீக்கிரம் வருவாள். லிஃப்ட்டில், சமையலறையில், பால்கனியில் அவள் மிதித்து மிதித்து அழைத்துக்கொண்டிருந்தது அவளுடைய அம்மாவை. குழந்தையின் விருப்பம் இருக்கிறது என்று பார்த்தேன். அது எதன்மேல் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் சொன்னேன். சேர்ந்தாலும் அன்றைக்கு அம்மா வரமுடியாது. பொங்கல் முடிந்துதான் வருவாள். சேராவிட்டாலும் அப்போது கட்டாயம் வருவாள். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. அவள் வெளியே குளத்தின் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குளம் தாண்டி வண்டி திரும்பிய பிறகு பேசினாள்.

"அப்ப வேணாம்."

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இன்னா பாப்பா வேணான்ற? ஐஸ்கிரீமா?"

"டான்ஸ்."

"கரெக்ட்டுதான். இந்த வெயில்ல இன்னா டான்ஸு."

அன்று லிஃப்ட்டில் அவள் மிதிக்கவில்லை. மறுநாளும் இல்லை.

இரவு மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். மகள் தூங்கியிருந்தாள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அதை அவ மறந்துட்டான்னு நினைச்சேன். எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்குன்னு நினைச்சேன்." முடிவு பற்றி இருவரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அந்த விஜயதசமிக்கு மயிலாப்பூர் பக்கம் நாங்கள் போகவில்லை. அக்கா சுண்டலோடு வந்துவிட்டுப் போனாள். புடவை, கடைப்பையோடு அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

சில வாரம் கழித்து மாமா லிஃப்ட்டில் கேட்டார்: "என்ன சார், கிரைண்டர் ரிப்பேரா?" ஆமாம் என்றேன்.

பொங்கல் கழித்து மனைவி வந்தாள். விமான நிலையத்தில் மகள் முதலில் என் பின்னால் ஒளிந்தாள். பிறகு அம்மாவின் கோட்டு நுனியைப் பிடித்தவள் வீடு வரை விடவில்லை. குடியிருப்பு லிஃப்ட்டில் பெட்டிகளோடு மூன்று பேரும் நெருக்கி நின்றோம். "இங்கதானே ஆடுவா?" என்று மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பிறகு தன் காலால் தகட்டில் ஒரு முறை மிதித்தாள். சத்தம் வந்தது. மகள் குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவள் ஆடவில்லை. அந்த மாதம் இல்லை, கோடையில் இல்லை. அம்மா வந்துவிட்டாள், ஆட வேறு காரணம் இருக்கவில்லை. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது. வரைந்தாள், சண்டை போட்டாள், சைக்கிள் கேட்டாள். மனைவி தரமணியிலிருந்து அலுவலகப் பேருந்தில் வந்து இறங்கும் நேரத்துக்கு வாசலுக்கு ஓடினாள். அப்போதும் கால்கள் சாதாரணமாகத்தான் ஓடின. நான் அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. பல் தேய்க்கும் நேரத்தில் குளியலறைப் பக்கம் காது போகும்.

என்னைவிட மனைவிக்குக் கடினம். நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவள் பார்த்ததெல்லாம் போனில், முழங்காலுக்குக் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் உட்கார்ந்து பழைய வீடியோக்களைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு தடவை ஆடச் சொல்லேன். நீ சொன்னா ஆடுவா" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். "தெரியும். நானும் சொல்லமாட்டேன்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

நவராத்திரி வந்தது. டீச்சர் தன் நடனக் கூடத்திலேயே கொலு வைப்பார். பழைய மாணவிகள் போய்ப் பார்ப்பது வழக்கம். மனைவி அதுவரை அங்கே போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். இனியும் போகாமல் இருந்தால் மரியாதையாக இராது என்று மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் மனைவியின் கன்னத்தைத் தட்டி, "இளைச்சுட்டே" என்றார். எங்கள் கையில் சுண்டல் தொன்னைகளைக் கொடுத்து, வகுப்பு முடியட்டும், கீழே இருங்கள் என்றார். உட்கார வேறு இடமில்லாததால் மகள் அந்தச் சுவரோரப் பாயில் உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரவைக்கவில்லை. மனைவி மறுபேச்சு இல்லாமல் படியிறங்கினாள். அவள் சிறுமியாக இருந்தபோதே அவளுடைய அம்மாவும் இந்தப் படியில் இப்படித்தான் இறக்கிவிடப்பட்டாராம்.

கடை ஓரம் நின்று சுண்டல் தின்றோம். மேலே கழி விழுந்துகொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து மகள் படியிறங்கி வந்தாள். முகத்தில் ஒரு புகார் இருந்தது.

"கடைசி வரிசையில நிக்கிற அக்கா தப்பாவே ஆடுறா. எல்லாரும் நிறுத்தினப்புறமும் இன்னும் ஒரு தடவை மிதிக்கிறா. டீச்சர் பார்க்கவே இல்ல."

"நீ பார்த்தியா?" என்று மனைவி கேட்டாள். குரல் கட்டுப்பாட்டில் இருந்தது.

"எல்லாத் தடவையும் பார்த்தேன். நான்னா அப்படி மிதிக்கமாட்டேன்."

மனைவி தொன்னையை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கொண்டு வான்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்றாள்.

விஜயதசமி காலையில் அலமாரி மேல்தட்டிலிருந்து புடவை இறங்கியது. மனைவி தரையில் மண்டியிட்டு மகளுக்குக் கட்டிவிட்டாள். மடிப்பு வைத்து, கச்சை இறுக்கி, முந்தியைச் சுற்றிச் செருகினாள். பெரிதாக எடுத்தது இப்போது சரியாக இருந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு கூடத்துக்குப் போனோம். பூஜை முடிந்தது. மகள் தட்டை டீச்சரிடம் கொடுத்து வணங்கினாள், பிறகு தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். டீச்சர் கழியை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். இறங்கினோம்.

படி பாதியில் திரும்பும் இடத்தில் மனைவி நின்றுவிட்டாள். அங்கிருந்து அவளுக்கு உள்ளே தெரியாது. எனக்கு அவளைவிட உயரம் அதிகம். ஒரு படி மேலே நின்றால் கதவிடுக்கில் கூடத்தின் ஒரு மூலை தெரியும். உள்ளே "தையா தை" என்று டீச்சரின் குரல் கேட்டது. கூடவே கழியும் கேட்டது.

"வாசலைப் பார்க்கிறாளா?" என்று மனைவி கேட்டாள்.

பார்த்தேன். மாம்பழ நிறப் புடவை, விரித்து மடக்கிய முழங்கால்கள். கண் டீச்சரின் கையில் இருந்தது.

"இல்லை" என்றேன்.

"நல்லாப் பாரு."

இன்னொரு முறை பார்த்தேன். "இல்லை."

அவள் தலையாட்டினாள். ஒரு வருடமாக அவள் காத்திருந்தது இந்தப் பதிலுக்குத்தான். ஆனாலும் கீழே இறங்காமல் அங்கேயே நின்றாள், முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு. செருப்புகள் மாடி வாசலில் இருந்தன. மேலே கழி விழும்போதெல்லாம் அவளுடைய வெறுங்கால் படியின் சிமெண்டில் லேசாக விழுந்து எழுந்தது.